தம்பி பிணையில் வந்துவிட்டார், இனி என்ன?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. புறக்கோட்டையில் ஒரு மொத்தத் துணிக்கடையில் நான்கு வருடமாக ஸ்டோர் கீப்பர். 18 இலட்சம் ரூபா சரக்கு குறைகிறது என்று முதலாளி பொலிஸில் முறைப்பாடு கொடுத்தார். ஒரு வியாழன் பின்னேரம் 4 மணிக்கு, “ஒரு வாக்குமூலம் இருக்கு, வந்திட்டுப் போங்கோ” என்று ஸ்டேஷனில் இருந்து கோல் வந்தது. போனவர் திரும்பவில்லை. இரவு 8 மணிக்குத்தான் கைது என்றார்கள். வெள்ளி பின்னேரம் 3 மணிக்கு கோர்ட், 14 நாள் ரிமாண்ட். அடுத்த தவணையில் 50,000 ரூபா காசுப் பிணை, ஐந்து இலட்சம்படி இரண்டு சரீரப் பிணை (அந்தத் தொகைக்குப் பொறுப்பு நிற்கும் இரண்டு ஆட்கள்) என்று உத்தரவு. ஒரு பிணையாளின் ஜீ.எஸ். (கிராம சேவகர்) கடிதத்தில் பிரதேச செயலாளரின் கையெழுத்து இல்லை என்று திருப்பிவிட்டார்கள். தம்பி மறுபடியும் ரிமாண்டுக்குப் போய்த் திங்கட்கிழமைதான் வெளியே வந்தார். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் வாசிக்காமலே கையெழுத்து வைத்திருக்கிறார். கன்னத்தில் இரண்டு அடியும் விழுந்ததாம், டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. பாஸ்போர்ட் கோர்ட்டில். முதலாளியோ, “காசைத் திருப்பிக் கட்டுறன் என்று ஒரு கடிதம் எழுதித் தாங்கோ, கேஸை வாபஸ் வாங்குறன்” என்கிறார். தம்பிக்கு டோஹாவில் வேலை ஒன்றும் வந்திருக்கிறது. அடுத்த தவணைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் பொலிஸ் படி மிதித்ததில்லை. இனி என்ன நடக்கும்? நாங்கள் எங்கே பிழை விட்டோம்?

வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடைசியாகச் சொல்லவேண்டியதை முதலில் சொல்கிறேன், அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்தின் திகதிப்படி தம்பி கைதாகி 20 நாள். ஸ்டேஷனில் விழுந்த அடிக்காக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுப் போடுவதென்றால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை கொடுக்கும் அவகாசம் ஒரு மாதம் மட்டுமே. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தால், அந்த விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்த ஒரு மாதத்தில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டு ஒன்றை மட்டும் கையில் வைத்திருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்று காட்டவேண்டி வரும். ஆணைக்குழுவின் அலுவலகம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: கொழும்பு 4, ஆர்.ஏ. டி மெல் மாவத்தை, 14ஆம் இலக்கம். அவசர இலக்கம் 1996. போவதா வேண்டாமா என்பது தம்பியின் முடிவு. மருத்துவப் பதிவு இல்லாதபடியால் அடித்ததை நிரூபிப்பது கடினம் என்பதை மறைக்க மாட்டேன். ஆனாலும் ரிமாண்டில் சேர்த்த அன்று சிறைச்சாலை வைத்தியர் ஏதாவது குறித்தாரா, யாரிடமாவது அன்றே சொன்னாரா என்று தம்பியிடம் கேளுங்கள். கேட்டதை இன்றே எழுதி, திகதி போட்டு வையுங்கள். இந்தப் பகுதியை உங்களுக்குத் தனியாகவும் அனுப்பியிருக்கிறோம்.

இனி ஆரம்பத்திலிருந்து வருவோம். நீங்கள் பிழை விட்டதாக நினைக்கும் இடங்களில் பாதி பிழையே அல்ல. மீதிப் பாதி, இன்னொரு குடும்பத்துக்கு இன்றிரவே தேவைப்படலாம்.

“வாக்குமூலம் இருக்கு, வந்திட்டுப் போங்கோ” என்ற அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் தனியாகப் போகத் தேவையில்லை. 2012இல் வந்த பொலிஸ் விதிகளின்படி, கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி ஸ்டேஷனுக்குள் வந்து பொறுப்பதிகாரியைச் சந்திக்கலாம், அவரை மரியாதையாக நடத்தவேண்டும். சட்டத்தரணி கிடைக்காவிட்டால் வீட்டார் ஒருவராவது கூடப் போய் வாசலில் இருக்க வேண்டும், உள்ளே போன நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிணை வழங்கத்தகாத குற்றம் (பிணையை நீதிமன்றமே தீர்மானிக்கும் குற்றம்) ஒன்றுக்குக் கைதாகலாம் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், கைதுக்கு முன்பே நீதவான் நீதிமன்றத்தில் முன்பிணை கேட்கவும் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. தம்பி விஷயத்தில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

கைதின் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? பொலிஸ் புத்தகத்தில் 8 மணி என்று எழுதியிருப்பார்கள். சட்டம் பார்ப்பது அதை அல்ல. தன் இஷ்டப்படி எழும்பிப் போகமுடியாத நிலை எப்போது வந்ததோ அப்போதே கைது. நமசிவாயம் எதிர் குணவர்தன என்ற 1989ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் உள்ள வழக்கில் உயர் நீதிமன்றம் இப்படித்தான் பார்த்தது. அந்த நேரத்திலிருந்து, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 37ஆம் பிரிவு. சனி, ஞாயிறு, போயா எதுவும் இதற்கு விலக்கல்ல. விடுமுறை நாளில் நீதவானின் வாசஸ்தலத்துக்கோ பதில் நீதவானிடமோ கொண்டுபோவார்கள். தம்பியை 4 மணியிலிருந்து கணக்குப் பார்த்தாலும் மறுநாள் 3 மணிக்கு 23 மணித்தியாலம். ஆகவே நேரம் தாண்டியது என்ற வாதம் உங்களுக்கு இல்லை. இல்லாத வாதத்தின் பின்னால் காசு செலவழிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கைது செய்பவர் ஏன் கைது செய்கிறார் என்று சொல்லியாக வேண்டும். அது அரசியலமைப்பின் 13(1). ஆனால் அந்த இரவில் எல்லாவற்றையும்விடக் கனதியான விஷயம் வாக்குமூலம்தான். அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பொலிஸ் அதிகாரி கேள்வி கேட்டு, சொல்வதை எழுதுகிறார். கொழும்பில் அனேகமாக அது சிங்களத்தில்தான் எழுதப்படும். கடைசி வரியில், வாசித்து விளக்கப்பட்டது, சரியென ஏற்றுக் கையெழுத்திடுகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருக்கும். அதன் கீழ்தான் கையெழுத்து. கோவையின் 110ஆம் பிரிவின்படி, எழுதியதை அவருக்குக் காட்டவோ வாசிக்கவோ வேண்டும். அந்த மொழி விளங்காவிட்டால் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் அவருக்கு உரிமை உண்டு. தன்னையே குற்றச்சாட்டில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. “அதை என் சட்டத்தரணியிடம் கேட்ட பிறகு சொல்கிறேன்” என்று அமைதியாகச் சொல்வது குற்றமல்ல, ஒத்துழையாமையும் அல்ல. சிங்களத்தில் எழுதிய தாளை நீட்டினால், கையெழுத்துக்கு மேலே தன் கைப்பட, தமிழிலேயே ஒரு வரி எழுதலாம்: “எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. இது எனக்குத் தமிழில் விளங்கப்படுத்தப்படவில்லை.” விளங்கப்படுத்தியிருந்தால் யார் விளங்கப்படுத்தினார் என்று எழுதலாம். அந்த ஒரு வரி, பின்னர் நீதிமன்றத்தில் ஒரு மணித்தியாலக் குறுக்கு விசாரணைக்குச் சமம்.

தம்பி அப்படி எழுதவில்லை. பயப்பட வேண்டாம். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சந்தேகநபருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு விலக்கு 27ஆம் பிரிவு. அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் சாட்சியமாகலாம். மற்றபடி, பின்னர் அவர் சாட்சிக் கூண்டில் வேறுவிதமாகச் சொன்னால் முரண்பாட்டைக் காட்ட அந்த வாக்குமூலத்தைப் பயன்படுத்தலாம். ஆகவே தம்பி இப்போது செய்ய வேண்டியது, என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று நினைவில் உள்ளதை முழுக்க எழுதிச் சட்டத்தரணியிடம் மட்டும் கொடுப்பது. நாள் போகப் போக நினைவு மங்கும்.

இங்கேதான் முதலாளி கேட்கும் கடிதம் வருகிறது. தயவுசெய்து அதை எழுத வேண்டாம். பொலிஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது, ஆனால் தனியார் ஒருவருக்குச் சுதந்திரமாக எழுதிக் கொடுத்த ஒப்புதல் செல்லும். “குறைந்த 18 இலட்சத்தையும் திருப்பிக் கட்டுகிறேன்” என்று வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ எழுதிக் கையெழுத்து வைத்தால், இதுவரை முறைப்பாட்டாளரிடம் இல்லாத சாட்சியத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்ததாகும். வாட்ஸ்அப்பில் “மன்னிச்சுக் கொள்ளுங்கோ முதலாளி” என்று அனுப்பும் குறுஞ்செய்தியும் இதே வேலையைத்தான் செய்யும். கேஸை வாபஸ் வாங்குவது முதலாளியின் கையில் மட்டும் இல்லை, வழக்கைக் கொண்டுவந்திருப்பது பொலிஸ். சமரசம் வேண்டுமென்றால், எந்தப் பிரிவில் குற்றம், அது சமரசத்துக்கு இடம் தருமா என்று பார்த்து, பொறுப்பை ஏற்காத வாசகத்தில், சட்டத்தரணி மூலம், நீதிமன்றத்தில் பதிவாகும்படி செய்யவேண்டும். ஸ்டேஷன் மேசையில் காசு கைமாறி, துண்டுக் கடதாசியில் கையெழுத்து வாங்கும் தீர்வு தீர்வே அல்ல. கடனையும் நட்டத்தையும் அறவிட்டுக் கொடுப்பது பொலிஸின் வேலை இல்லை, அதற்கு மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது.

அடுத்தது டாக்டர். கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் முன் சந்தேகநபரை வைத்தியரிடம் காட்டுவது வழமை. அங்கே நிரப்பப்படும் சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் பின்னர் பேசும். பொலிஸ்காரர் பக்கத்தில் நிற்கும்போது பலரும் வாய் திறப்பதில்லை. தம்பியும் திறக்கவில்லை. அவரைக் குறை சொல்ல வேண்டாம், 26 வயதில் முதல் இரவு அப்படித்தான் இருக்கும். இன்னொரு சந்தர்ப்பமும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது: நீதவான் முன் நிறுத்தும்போது நேரடியாகவோ சட்டத்தரணி மூலமோ சொல்லலாம். நீதவான் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்ப உத்தரவிடலாம்.

இனி பி அறிக்கை. நீதவானிடம் பொலிஸ் கொடுக்கும் முதல் தாள் அதுதான், உங்கள் வழக்கின் முகவரி அதன் இலக்கம். அடுத்த தவணைக்கு இரண்டு மாதம் இருக்கிறது என்று சும்மா இருக்காமல், சட்டத்தரணியிடம் சொல்லி, பதிவாளர் பிரிவில் விண்ணப்பித்து, முதல் பி அறிக்கையினதும் அதன் பின் வந்த மேலதிக அறிக்கைகளினதும் உறுதிப்படுத்திய பிரதிகளை எடுங்கள். அதில் மூன்று விஷயத்தைப் பாருங்கள். கைது செய்த நேரமாக எதை எழுதியிருக்கிறார்கள்? சொத்தின் பெறுமதி என்ன? எந்தப் பிரிவு? ஊழியர் ஒருவர் செய்த நம்பிக்கை மோசடி என்றால் தண்டனைச் சட்டக் கோவையின் 391. சாதாரண நம்பிக்கை மோசடி 389. நேர்மையற்ற கையாடல் 386. பிரிவு மாறினால் பிணையும் மாறும், தண்டனையும் மாறும். கடை தனியாருடையது என்பது உங்களுக்கு ஒரு நல்ல விஷயம். அரச சொத்தாக இருந்திருந்தால் 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பொதுச் சொத்துக்கள் சட்டம் நுழைந்து, பிணையே பெரும் போராட்டமாகியிருக்கும்.

391ஐ நிரூபிக்கச் சரக்குக் குறைகிறது என்று காட்டினால் மட்டும் போதாது. சரக்கு தம்பியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது, அதை அவர் நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கினார் அல்லது விற்றார் என்று காட்ட வேண்டும். ஆகவே இந்த இரண்டு மாதத்தின் வேலை இதுதான்: ஸ்டோரின் திறப்பு எத்தனை பேரிடம் இருந்தது, கடைசியாக ஸ்டொக் எடுத்தது எப்போது, யார் கையெழுத்து, கிழிந்த துணியும் திரும்பி வந்த துணியும் எந்தப் புத்தகத்தில் ஏறின, கடனுக்குப் போன கட்டுகளுக்குப் பில் இருந்ததா. தம்பியின் கைபேசியில் முதலாளி அனுப்பிய “அந்த இருபது கட்டையும் குடு, பில் பிறகு” மாதிரிச் செய்திகள் இருந்தால் அவை பொன். கைபேசியைப் பொலிஸ் எடுத்திருந்தால் சான்றுப் பொருளாகப் பதிந்த இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கடையின் கமராப் பதிவு சில வாரத்தில் தானாக அழிந்து புதியது ஏறிவிடும். அதைப் பாதுகாக்கும்படி சட்டத்தரணி இந்த வாரமே எழுத்தில் கேட்க வேண்டும். இதற்காகத் தம்பி கடைக்குப் போகக் கூடாது. பழைய நண்பரான சேல்ஸ்மேனுக்குக் கோல் எடுக்கவும் கூடாது. சாட்சிக்குத் தொந்தரவு என்று ஒரு வரி பொலிஸ் எழுதினால் பிணை ரத்தாகலாம்.

பிணையைப் பற்றி. பிணைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு. மறுப்பதற்கான காரணங்கள் 14ஆம் பிரிவில் இருக்கின்றன: நீதிமன்றத்துக்கு வராமல் விடுவார், சாட்சியில் தலையிடுவார், வெளியே வந்து மீண்டும் குற்றம் செய்வார், பொது அமைதி குலையும். கொலை போன்ற குற்றங்களுக்கு நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். ஹெரோயின், ஐஸ் போதைப்பொருள் வழக்குகளும் நீதவானின் கையை மீறியவை. உங்கள் வழக்கு அந்த வகை அல்ல. முதல் நாளே பிணை மறுக்கப்பட்டதற்குப் பெரும்பாலும் காரணம், விசாரணை முடியவில்லை என்று பொலிஸ் சொல்வதுதான். அப்போது 14 நாளும் காத்திருக்கத் தேவையில்லை. மோஷன் (நீதிமன்றத்துக்கு எழுத்தில் கொடுக்கும் கோரிக்கை) போட்டு வழக்கை முன்னரே அழைப்பித்துப் பிணை கேட்டிருக்கலாம். இது உங்கள் பிழையல்ல, உங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பிணை உத்தரவு வந்த வெள்ளிக்கிழமை நடந்தது எனக்கு மிகவும் கவலை தந்தது. உத்தரவு கையில், காசும் கையில், ஒரு கையெழுத்து இல்லாததால் மூன்று இரவு. இது அளுத்கடை நீதிமன்றங்களில் அடிக்கடி நடக்கிறது. ஆகவே யாராவது கைதாகி அன்றிரவே “யாரைப் பிடிக்கலாம், எந்த மந்திரியைத் தெரியும்” என்று ஓடுவதற்குப் பதில், பிணையாளரின் கடதாசியைத் தயார் செய்யுங்கள். இரண்டு பேர் கேட்டால் நான்கு பேரைத் தயாராக வையுங்கள். நெருங்கிய உறவினர் நல்லது. ஒவ்வொருவருக்கும் அசல் தேசிய அடையாள அட்டையும் இரண்டு பிரதியும், கிராம சேவகரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரமும் வேண்டும். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இருக்க வேண்டும். வெள்ளவத்தைக்காரருக்குத் திம்பிரிகஸ்யாயப் பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனை, மட்டக்குளிக்காரருக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். பத்திரம் பழையதாக இருக்கக் கூடாது, பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது ஒரு எழுத்து மாறினாலே திருப்பிவிடுவார்கள். வருமானத்துக்குச் சம்பளத் துண்டு, சேவைக் கடிதம், வியாபாரப் பதிவு, வங்கிக் கூற்று ஆகியவற்றில் ஒன்று இருந்தால் உதவும். பிணையாள் வேறு வழக்கில் ஏற்கெனவே பிணை நின்றிருந்தால் முதலிலேயே சொல்லட்டும். காசுப் பிணை கட்டும் கவுண்டர் பின்னேரம் மூடிவிடும், ஆகவே உத்தரவு வந்தவுடன் ஒருவர் கவுண்டருக்கும் மற்றவர் பிணையாளரோடு பதிவாளர் பிரிவுக்கும் பிரிந்து போகவேண்டும். 50,000 ரூபாவுக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், வழக்கு முடிந்ததும் அதைக் காட்டித்தான் காசைத் திரும்ப எடுக்கலாம். கோர்ட் வாசலில், “பிணையாள் நான் தாறன், பத்தாயிரம் தாங்கோ” என்று வரும் ஆட்களை நெருங்கவிட வேண்டாம். பொய்ப் பத்திரம் பிடிபட்டால் அது தனிக் குற்றம், தம்பியின் பிணையும் போய்விடும்.

உங்கள் பிணையாளர் இருவருக்கும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தம்பி ஒரு தவணைக்கு வராமல் விட்டால், அந்த ஐந்து இலட்சத்துக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். தவணை நாளில் காலை 9 மணிக்கு முன் தம்பி கோர்ட்டில் நிற்க வேண்டும். கூப்பிடும்போது இல்லாவிட்டால் பிடியாணை. காய்ச்சல் என்றால் அன்றே வைத்தியச் சான்றிதழோடு சட்டத்தரணி மன்றில் சொல்ல வேண்டும், மறுநாள் கொண்டுபோவது பிந்திவிடும். மாதம் ஒரு ஞாயிறு ஸ்டேஷனில் கையெழுத்து வைக்கவேண்டும் என்று நிபந்தனை இருந்தால், வைத்த ஒவ்வொரு முறையும் புத்தகத்தின் பக்கத்தையோ திகதியையோ குறித்து வையுங்கள்.

டோஹா வேலை இப்போதைக்குக் கைநழுவும் என்றே நினைக்கிறேன். பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கும்போது பயணத் தடையும் இருக்கலாம். தற்காலிகப் பயணத்துக்கு, திரும்பும் டிக்கெட்டும் மேலதிகப் பிணையும் காட்டி மோஷன் மூலம் அனுமதி கேட்பதுண்டு. ஆனால் இரண்டு வருட வேலை ஒப்பந்தத்துக்கு, விசாரணை முடியாத நிலையில், அனுமதி கிடைப்பது அரிது. முகவரிடம் கட்டிய முற்பணம் இருந்தால் இப்போதே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று புதிதாக விண்ணப்பிக்கும் யோசனையை யார் சொன்னாலும் காதில் போட வேண்டாம். கடையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றால் அது வேறு வழக்கு. தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம் உண்டு, அந்தத் திகதியையும் குறித்து வையுங்கள்.

இனி முன்னால் இருக்கும் பாதை. பொலிஸ் விசாரணையை முடிக்கும், தேவையென்றால் சட்டமா அதிபரின் ஆலோசனைக்கு வழக்குக் கோப்பு போகும். சாட்சியம் போதாது என்றால் தம்பியை விடுவிக்கும்படி அறிவிப்பார்கள். போதும் என்றால் குற்றச்சாட்டு வாசிக்கப்படும். அன்று கூண்டில் நிற்கும் தம்பியிடம், “சுத்தவாளியா, குற்றவாளியா” என்று கேட்பார்கள். அந்தத் தருணத்துக்கு முன் யாராவது வந்து, “குற்றத்தை ஒத்துக்கொண்டால் தண்டப்பணத்தோடு இன்றைக்கே முடியும்” என்பார்கள். வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவதைவிட அது சுலபம்தான். ஆனால் ஒத்துக்கொண்டால் அது குற்றத் தீர்ப்பு. ஸ்டோர் கீப்பர் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் நம்பிக்கை மோசடி என்ற தீர்ப்பு ஏறினால், அதன் பிறகு எடுக்கும் ஒவ்வொரு பொலிஸ் நற்சான்றிதழிலும் அது கூடவே வரும். செய்திருந்தால் அது வேறு கணக்கு, அதைச் சட்டத்தரணியோடு கதவை மூடிக்கொண்டு பேச வேண்டும். செய்யவில்லையென்றால் அலுப்புக்காக ஒத்துக்கொள்ளக் கூடாது. தீர்ப்பு வரும்வரை அவர் சுத்தவாளி என்பது அரசியலமைப்பின் 13(5) கொடுத்த நிலை. உறவுக்காரர் கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

வழக்கு சிங்களத்தில் நடக்கும். விளங்காவிட்டால் தமிழில் உரைபெயர்ப்புக் கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி உரிமை, அதற்கு அரசே ஏற்பாடு செய்ய வேண்டும். தம்பிக்குப் பேச்சுச் சிங்களம் தெரியும் என்பதற்காக வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். புறக்கோட்டைச் சிங்களம் வேறு, குற்றப்பத்திரத்தின் சிங்களம் வேறு.

சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு தவணைக்கு எவ்வளவு, பிரதி எடுப்பது அதற்குள் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. வருமானம் குறைந்த குடும்பமென்றால் அளுத்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம், அடையாள அட்டையும் வருமானச் சான்றும் பி அறிக்கைப் பிரதியும் எடுத்துக்கொண்டு போங்கள்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் அம்மா கேட்டதாக ஒரு கேள்வி இருந்தது: “தமிழ்ப் பிள்ளை என்றதால வேற கேஸிலயும் போட்டிடுவாங்களோ?” அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று நமக்கெல்லாம் தெரியும், அதனால் நேராகவே பதில் சொல்கிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்பது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். அதன் கீழ் கைதானால் 24 மணித்தியாலம் அல்ல, 72 மணித்தியாலம். தடுப்புக் கட்டளை மூன்று மாதம் மூன்று மாதமாக நீளலாம், 18 மாதமாக இருந்த உச்ச வரம்பை 2022 திருத்தம் 12 மாதமாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் அந்தச் சட்டத்தின் கீழ் சாட்சியமாகலாம். ஆகவே அப்படியான கைதில் முதல் மணித்தியாலத்திலேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். தம்பியின் வழக்கு அது அல்ல. நீதவான் முன் சாதாரணப் பி அறிக்கையோடு போனது, சாதாரண நீதிமன்றத்தில் பிணை கிடைத்தது. பி அறிக்கையின் பிரதி கைக்கு வந்ததும் அம்மாவுக்கு அந்தப் பிரிவு இலக்கத்தைக் காட்டுங்கள். 391 என்றோ 389 என்றோ இருந்தால், அது துணிக்கடைச் சரக்கைப் பற்றியது மட்டுமே.

நாளைக் காலை செய்ய வேண்டியவை இரண்டு: அடி விஷயத்தில் தம்பியின் முடிவைக் கேட்பது, பி அறிக்கைப் பிரதிக்கு விண்ணப்பிப்பது. பிரதி கிடைத்ததும் அதில் உள்ள பிரிவையும் திகதியையும் எழுதி அனுப்புங்கள், மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.